ரஞ்சன் அண்ணா கடலை விட்ட காரணம்

சிட்னியின் ஹரிஸ் பார்க்கில் இனிப்பு வாங்க வரிசையில் நின்றபோது, நம் முக்குளிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ரஞ்சன் அண்ணா மாரடைப்பில் காலமானார். கடைக்காரர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட அண்ணா, சிட்னிக்கு வருமுன் சில ஆண்டுகள் மால்டாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அங்கேதான் காற்றுக் கலன் கட்டி முக்குளிக்கக் கற்றார். மத்தியதரைக் கடலின் பாறைப் பொந்துகளிலிருந்து முறைக்கும் களவா மீன்களையும், பாறை முடியும் இடத்தில் தொடங்கும் கடற்புல் வெளியையும் அவர் சொல்லக் கேட்டுத்தான் எனக்கும் ஆசை வந்தது. அதே குடும்பத்துப் புல்லைச் சிட்னியிலும் கண்ட அன்று அழுதுவிட்டாராம். நான் முதல்முறை இறங்கியபோது எச்சரித்தார்: "தம்பி, புல்லில காலை ஊண்டாதேங்கோ. மீன்குஞ்சுகள் அதுக்குள்ளதான் ஒளிச்சிருக்கும்."

வயதாகிவிட்டதால் அவர் நிறுத்திக்கொண்டார் என்றே நீங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். அது உண்மையல்ல.

நான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிறு, நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். அவருக்கு அன்று அது இரண்டாவது முறை. இருபது மீட்டர் ஆழத்தில் என் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. பயிற்சியெல்லாம் மறந்து மேலே பாய்ந்தேன். அவர் என்னைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். மூச்சை அடக்கக் கூடாது என்று என் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு முறை இறங்கியதில் உடலில் கரைந்த வாயு வெளியேற இடையில் நின்று ஏற வேண்டியவர், எனக்காக நிற்காமல் ஏறினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கரையில் தலைசுற்றி விழுந்தார். உட்செவி பழுதாகிவிட்டது, இனி இறங்கவே கூடாது என்றார்கள் மருத்துவர்கள்.

"அண்ணா, என்னாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்," என்றேன்.

"இப்ப வேண்டாம் தம்பி. பிறகு உங்களை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகமாட்டினம்."

அந்த 'இப்ப வேண்டாம்' எனக்கு வசதியாக இருந்தது. நான் தொடர்ந்து கடலுக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

சென்ற வாரம் துக்கம் விசாரிக்க அவரது செவன் ஹில்ஸ் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி வசந்தி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "ஞாயிற்றுக்கிழமைகளில வாசலில கார் நிண்டா எழும்பிப் பாப்பார். நீங்கள் வந்து, கடலுக்குள்ள என்ன கண்டனீங்கள் எண்டு சொல்லுவியள் எண்டு."

நான் மன்னிப்புக் கேட்பதற்காக அண்ணா காத்திருக்கவில்லை. அவர் எனக்கு விட்டுச்சென்றது இந்த உயிர். அதோடு, நான் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லாமலே போன நான்கு வருடக் கடலும் என்னிடம்தான் இருக்கிறது.