இடது கையால் தேர்ந்தெடுத்த நகல் இயந்திரம்

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், மாலை வேளைகளில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு நடத்தி வந்தார் என் அண்ணி. கேள்விகளைக் கார்பன் தாள் வைத்து அழுத்தி அழுத்தி எழுதி ஆளுக்கொன்று கொடுப்பார். எண்பதுகளின் நடுவில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கைக்குப் பேனா பிடிபடவில்லை. இடது கையால் முக்கி முனகி எழுதினால் ஒரு காலைப் பொழுதுக்கு ஒரே ஒரு தாள்தான்; கார்பனில் பதியும்படி அழுத்தவும் முடியவில்லை.

“ஒரு தாள வச்சிக்கிட்டு நான் யாருக்குன்னு குடுப்பேன்? வகுப்ப நிறுத்திட வேண்டியதுதான்” என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வகுப்பில்லாத அண்ணியை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அந்த ஒரு தாளைப் பல தாளாக்க ஒரு இயந்திரம் போதும். அப்போது நான் கிள்ளானில் தட்டச்சு வேலையில் இருந்தேன். நகல் இயந்திரம் விற்கும் சீனர் கடைக்குப் போனேன்.

கடை முதலாளியான தவுக்கே பெரிய இயந்திரம் ஒன்றைக் காட்டி, பெரிதாக்கும், சிறிதாக்கும், நாளைக்குக் கம்ப்யூட்டர் வந்தாலும் ஈடுகொடுக்கும் என்று அளந்துகொண்டே போனார். அண்ணி வீட்டில் டைப்ரைட்டர்கூடக் கிடையாது. வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையால் மட்டும் அந்த இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கை வலியா என்று மலாய் மொழியில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. தன் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவரே ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். தன் பெரிய இயந்திரத்தின் மைப்பொடிப் பெட்டியைக் கழற்ற முடியாமல் திணறி, அதை அவரே ஒதுக்கித் தள்ளினார். கடைசியில் மூலையிலிருந்து சின்னதாக ஒன்றைத் தூக்கி வந்தார். ஒரு பொத்தான், ஒவ்வொரு தாளாகச் செருகினால் போதும், மைப்பெட்டி இழுத்தால் வரும். அந்த மனிதருக்கு இன்றும் மனதார நன்றி சொல்கிறேன்.

அண்ணி அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். வகுப்பும் நடந்தது.

சரஸ்வதி பூஜை வந்தது. தோட்டத்து லோரி ஓட்டும் என் அண்ணன், லோரிக்குப் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்குள் வந்தார். லோரிக்கு முன்கண்ணாடியில்தான் வைப்பது அவர் வழக்கம். நகல் இயந்திரத்துக்கும் மூடியைத் திறந்து, கண்ணாடியிலேயே சந்தனத்தால் மூன்று பட்டையிட்டு நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் எடுத்த தாளிலெல்லாம் கணக்கின் மேல் மூன்று கறுப்புப் பட்டை, நடுவில் ஒரு பொட்டு. பரீட்சையோ கிட்டத்தில். காரணம் எல்லோருக்கும் தெரியும், துடைக்கத்தான் யாருக்கும் துணிவில்லை. பூஜையில் வைத்த பொட்டை அழிக்கலாமா? அதுவும் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும் நேரத்தில்? அண்ணி தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினார். நான் கொதித்துப்போய் பஸ் ஏறினேன்.

“என்னாண்ணே இது? லோரியா ஓட்டப் போறாங்க இதுல?”

“சாமிக்கு வச்சதுலா. நீ வேணும்னா தொடச்சிக்க” என்று அண்ணன் நகர்ந்துகொண்டார்.

ஈரத்துணியோடு போன எனக்கும் கை வரவில்லை. வாசலில் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அண்ணி அவர்களையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கை விரலைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்திருந்த சந்தனத்தை மெதுவாக வழித்தெடுத்தார்.

“அண்ணி, அழிக்கிறீங்களா?”

“அழிக்கலம்மா. எடம் மாத்துறேன். கைய நீட்டு.”

வலது கையை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு என் இடது கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் அந்தச் சந்தனத்தைப் பூசி, குங்குமத்தையும் வைத்தார்.

“இந்தக் கைதான கடையில எனக்காகப் பாத்துச்சி” என்றார்.

துணியை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். முதல் தாள் பட்டையில்லாமல் வெள்ளையாக வெளியே வந்தது.