சாக்கு வைத்துத் தைத்த பாத்தி

செல்வராணி டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் போடி பஸ் நிலையத்தில் ராசிங்காபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் பள்ளியில் சத்துணவு சமைத்த முருகாயிதான் போன் செய்தாள். "தையல் டீச்சர் போயிட்டாங்க டீச்சர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம், அம்புட்டுத்தான்" என்றாள். அழுகை வருவதற்கு முன்னால், அவர் வீட்டுப் பாத்தியில் இந்நேரம் கத்தரி பிஞ்சு விட்டிருக்குமே, என் வீட்டில் இன்னும் பூவே வைக்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. சாவுச் செய்தி கேட்ட நேரத்தில் இப்படி நினைக்கிற மனசு என்னுடையது. அவருக்கு நான் எழுதும் அஞ்சலியும் இப்படித்தான் இருக்கும். அவரிடம் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது; செய்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்பது தெரியாமலே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் அந்தப் பெண்கள் பள்ளியில் சேர்ந்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள். நான் தாவரவியல். ராசிங்காபுரத்தில் கிணறும் தோட்டமுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. அவர் தையல். அவருடைய அப்பா அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடு ஒன்றில். செடியைப் பற்றிக் கேட்க ஆசிரியைகள் என்னிடம் வருவார்கள், ஜாக்கெட் தைக்க அவரிடம் போவார்கள். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போடலாம் என்று தலைமை ஆசிரியை சொன்ன நாளோடு அது போயிற்று.

அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். சரளைக்கல்லும் கருவேல முள்ளுமாகக் கிடந்த சரிவு. மழை பெய்தால் மேலேயிருந்து ஓடிவரும் தண்ணீர் இருக்கிற மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். பாதி இடம் எனக்கு, பாதி அவருக்கு. நான் நூல் பிடித்து, செங்கல் அடுக்கி, சிமெண்டு பூசி நாலு பாத்தி கட்டவைத்தேன். பார்க்க அத்தனை அழகு. ஆனால் தண்ணீர் வெளியேற ஓட்டை விட மறந்துபோனேன். வேர் சுவாசிப்பதைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். முதல் மழைக்கே தக்காளி நாற்று அத்தனையும் வேர் அழுகிச் சாய்ந்தது. பிள்ளைகள் என் பாத்திகளுக்குத் தண்ணித்தொட்டி என்று பேர் வைத்தார்கள்.

செல்வராணி டீச்சர் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அங்கே கிடந்த கல்லையே பொறுக்கினார். துணி அளக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்து, தரையில் சாம்பலால் கோடு போட்டார். "உக்காந்த எடத்துல இருந்து கை எட்டணும் டீச்சர். ரெண்டு பக்கமும் எட்டுனா அதுதான் அகலம். பாத்திக்குள்ள காலு பட்டுச்சுன்னா மண்ணு இறுகிப்போகும்" என்றார். பாத்திகளுக்கு நடுவே ஏன் இவ்வளவு வழி விடுகிறீர்கள் என்று கேட்டேன். "இது தையலுக்கு விடுற துணி மாதிரி. இப்ப பிடிச்சுத் தச்சுட்டா பின்னால பிரிச்சு விட முடியாதுல்ல?" என்று சிரித்தார். முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினார். சிமெண்டு கிடையாது, சேறு கூடப் பூசவில்லை. இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் மூன்றாவது கல் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன சட்டம்.

அவர் கணவர் வேலுச்சாமி அண்ணன் தினமும் ஜீப்பில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர். திரும்பி வரும்போது மக்கிய சருகைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போடுவார். ஒரு நாள் வந்த சருகை செல்வராணி டீச்சர் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது மருந்தடிச்ச தோட்டத்துச் சருகு. பிள்ளைக திங்கிற கீரைக்கு இதைப் போடவா? திருப்பிக் கொண்டு போங்க" என்றார். அத்தனை சாக்கையும் அந்த மனுஷன் திரும்ப ஜீப்பில் ஏற்றினார். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

அவர் பாத்தியில் தண்டங்கீரை இடுப்பு உயரத்துக்கு நின்றது. கத்தரி, தக்காளி, வெண்டை எல்லாம் சத்துணவுக்குப் போயின. கல் இடுக்கிலெல்லாம் புதினாவும் கற்பூரவள்ளியும் ஊன்றிவைத்திருந்தார். சளி பிடித்த பிள்ளைகள் என் வகுப்பிலிருந்தே எழுந்து அவரிடம் இலை கேட்கப் போவார்கள். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி என்னைக் காட்டி, "தோட்டம் போட்டது இந்த டீச்சர்தானே?" என்று கேட்டார். "இல்லீங்க சார், எங்க தையல் டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியை. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

அந்த வருடமே என் வீட்டில் அதே மாதிரி ஒரு பாத்தி கட்டினேன். அதே அகலம், அதே உயரம், அதே கல் அடுக்கு, கண்மாய் வண்டலும் போட்டேன். ஐப்பசியில் இரண்டு நாள் அடித்த மழையில் மண் முழுக்க இடுக்கு வழியாக ஓடிப்போய் வெறும் கல் வளையம் நின்றது. "என்ன, கல்யாணத்துக்கு அடுப்பு கட்டிருக்கியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அதே மழையில் பள்ளியில் அவர் பாத்தி ஒரு பிடி மண் கரையாமல் இருந்தது. எப்படி என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். எம்.எஸ்சி. படித்தவள் பாத்தி கட்டத் தையல் டீச்சரிடம் போய் நிற்பதா என்று வீம்பு. நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எல்லாரும் போனபின், அவர் பாத்தியில் இரண்டு கல்லை உருவிப் பார்த்தேன். உள்ளே சுற்றிலும் பழைய சணல் சாக்கு வைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, சணல் நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தார். மூலைகளில் பாவாடைக்கு வைப்பதுபோல மடிப்பு. தண்ணீர் வடியும், மண் போகாது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாத இடத்தில் அத்தனை சுத்தமான தையல். செடித்தண்டைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைக்க நான் வைத்திருந்த லேப் பிளேடு பையில் இருந்தது. எடுத்து ஒரு ஜாண் நீளத்துக்குச் சாக்கை அறுத்தேன். எத்தனை மடிப்பு என்று பார்க்கத்தான் அறுத்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அறுக்கும்போது சந்தோஷமாக இருந்தது. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மழையில் அந்தப் பக்கம் மொத்தமாகச் சரிந்தது. கீரை எல்லாம் சேற்றோடு வழியில் கிடந்தது. பிள்ளைகள் வராந்தாவில் நின்று அழுதார்கள். செல்வராணி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோணி ஊசியோடு மழையிலேயே போய் உட்கார்ந்தார். நான் குடை பிடித்தேன். சாக்கின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "கிழிஞ்ச சாக்குல நாரு நீட்டிக்கிட்டு நிக்கும் டீச்சர். இது அறுத்தது" என்றார். குடை சாய்ந்து அதிலிருந்த தண்ணீர் அவர் முதுகில் கொட்டியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொடையக் கொஞ்சம் இங்கிட்டுப் பிடிங்க. வெரசா தச்சுருவோம், குரங்கணிப் பக்கம் அடுத்த மழை இருட்டிக்கிட்டு வருது" என்றார். யார் அறுத்தது என்று அப்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் கேட்கவில்லை.

அதன்பின் எத்தனையோ வருடம் ஒரே ஓய்வறையில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். அதற்குள் யாராவது, "டீச்சர், எங்க வீட்டுலயும் ஒரு பாத்தி கட்டித் தாங்க" என்று அவரிடம் வருவார்கள். எனக்கு மறுபடி எரியும். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். நம் ஆசிரியைகளில் பாதிப் பேர் வீட்டில் அவர் கட்டிய பாத்தி இருக்கிறது. என் வீட்டில் இல்லை. கூப்பிட்டு, அவர் வந்து, கல் அடுக்கிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

பதினாறு முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். வேலுச்சாமி அண்ணன் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன்.

"அது தெரியுமே டீச்சர்" என்றார் அவர். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் மொத சோலியா அதைத்தான் சொன்னா. இம்புட்டு நேரா பிளேடு பிடிக்கிற கை அந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணுதான் இருக்குன்னா."

"கோபப்படலையா அண்ணே?"

"கோவமா? அம்புட்டு சந்தோசம் அவளுக்கு. 'எங்க ஆத்தாளும் அப்பனும் ஆயுசு பூராம் காய் எடுத்தாக, ஒருத்தரும் அவுக சோலியத் திரும்பிப் பாத்ததில்ல, இன்னைக்கு அம்புட்டுப் படிச்ச டீச்சரு என் தையலுக்குள்ள என்ன இருக்குன்னு அறுத்துப் பாத்துருக்காங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவுககிட்ட கேட்டுறாதீங்க, வெக்கப்படுவாகன்னு எனக்கும் வாயக் கட்டிப்புட்டா."

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் குழாயை அடைத்தார். என் பாத்தியை ஒருவர் அப்படி அறுத்திருந்தால் நான் அன்றே தலைமை ஆசிரியை அறையில் நின்றிருப்பேன். அவரால் எப்படி முடிந்தது என்று அழுகைக்கு நடுவிலும் எரிச்சலாக வந்தது.

அவர் நினைவாக உங்களில் பலரிடம் பாத்தி இருக்கிறது, அவர் தைத்த ஜாக்கெட் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தப் பொறாமைதான். அறுபது வயது தாண்டியும் அது குறையவில்லை. இனி அதைக் குறைத்துக்கொள்ளப் போவதுமில்லை, செல்வராணி டீச்சர். இத்தனை வருடத்தில் என்னிடமிருந்து நீங்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.