ஃப்ளைவீல் கீயும் என் கண்மையும்

ஆம்பூரைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. எழுபதுகளின் கடைசி, கிணற்றுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஒரு சின்ன டீசல் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். பகலெல்லாம் நான் குடித்தனம் நடத்தியது எஞ்சினோடுதான்.

அந்த வருஷம் முதன்முதலாக மிளகாய் நட்டேன். அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஷாப்புக்குப் பக்கத்தில் லைன் வீடு ஒன்று காலியாக இருந்தது. அங்கே குடிபோனால் தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டாமே என்பது அவர் எண்ணம். "இந்த மொளகா நின்னா இங்கயே இருக்கலாம். இல்லன்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டுப் போய்டலாம்" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கோ ஷாப்பு நாற்றத்தில் சோறு தின்ன முடியாது.

நாற்று வேர் பிடிக்கிற நேரம் பார்த்து எஞ்சின் டொக்கு டொக்கென்று இடிக்க ஆரம்பித்தது. எஞ்சினின் பக்கவாட்டில் சுற்றும் பெரிய சக்கரம் ஃப்ளைவீல். அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க ஓர் இரும்பு ஆப்பு உண்டு, கீ என்பார்கள். அது தேய்ந்து சக்கரம் ஆடியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஷாப்பிலிருந்து ஒரு தோல் துண்டைக் கொண்டுவந்து மெல்லிசாகச் சீவி, கீயோடு சேர்த்து வைத்து அடித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஷாப்பு ஆட்களுக்கு இது ஒரு வியாதி. குழாய் ஒழுகினால் தோல், கதவு சத்தம் போட்டால் தோல், கட்டில் ஆடினால் காலுக்கடியில் தோல். ஒரு இறைப்புக்கு எஞ்சின் சமர்த்தாக ஓடியது. அடுத்த இறைப்பில் எண்ணெயும் சூடும் பட்டுத் தோல் கூழாகிவிட்டது. சக்கரம் முன்னைவிட ஜாஸ்தியாக ஆட, பயந்துபோய் நிறுத்திவிட்டேன். செடிகள் தலை தொங்கின.

"வேணும்னே தான் செஞ்சியா?" என்று கேட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் புது கீயோடு வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு வார லீவு. விடிந்ததும் பழைய கீயை நெம்பி எடுத்து, அது உட்காரும் பள்ளமான காடியில் ஒட்டியிருந்த தோலைச் சுரண்டினார். புது கீ சற்றுப் பெரிதாகத்தான் வரும். அரம் போட்டு ராவித்தான் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் மறுபடி ஆட்டம்தான்.

"உன் கண்ணு மை டப்பா எங்கமே?"

"இன்னாத்துக்கு? எஞ்சின பொண்ணு பாக்க வர்றாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கீயில் மையைத் தடவி, காடிக்குள் லேசாகத் தட்டி, வெளியே எடுத்துப் பார்த்தார். மை அழிந்த இடம்தான் உரசுகிற இடம். அதை மட்டும் ராவினார். மறுபடி மை, மறுபடி தட்டல். மதியக் களி ஆறிப்போனது. என் மை டப்பா காலியானது. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு மை செலவாகவில்லை.

கடைசியில் சுத்தியல் அடிக்க அடிக்கச் சத்தம் கெட்டியாகிக்கொண்டே வந்தது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இடி இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நான் மண்வெட்டியோடு ஓடினேன். சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே பயம். இலையெல்லாம் துவண்டு கிடந்தனவே.

"பொழைக்குமாய்யா? இல்ல, லைன் வீடு தானா?"

"அந்த வூடு போய்ட்ச்சு" என்றார், கையைத் துடைத்தபடி. "நேத்து கீ வாங்கறதுக்கு முன்னாடியே, வேற ஆள வச்சிக்கன்னு வூட்டுக்காரங்கிட்ட சொல்ட்டேன்."

மண்வெட்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாக்கற? தண்ணி வரப்ப ஒடச்சிக்கினு போவுது பாரு!" என்று கத்தினார்.