மணி அடிக்கும்வரை

சண்டிலிப்பாயில் குகதாசன் வீட்டில் இப்போது எல்லாம் ஒரு கைபேசியின் மணிப்படிதான் நடக்கிறது. அது அடித்தால் தேங்காய் திருவலாம், பக்கத்து வீட்டாரோடு கதைக்கலாம், தோட்டத்துக்கு இறைக்கலாம். அடிக்கும்வரை இருமுவதென்றாலும் யோசித்துத்தான் இரும வேண்டும்.

மணிக்குச் சொந்தக்காரி மகள் வினோஜா. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் இணைந்த கணிதம் எழுதி, இரண்டு தரமும் எஸ் என்ற வெறும் சித்தியோடு திரும்பியவள். "கெட்டிக்காரி, ஆனால் நேரத்துக்குச் செய்து முடிக்கிறாள் இல்லை" என்று படிப்பித்த ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்த "ஆனால்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு அவளை மூன்றாந்தரமும் சோதனைக்கு இறக்கியது. நேரத்தை வெல்வதற்கென்று அவளே இணையத்தில் ஒரு பயிற்சித் தளத்தைத் தேடிப் பிடித்தாள். நுண்கணிதக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் மணி அடித்து, எத்தனை சரி எத்தனை பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லும். தாட்சண்யம் தெரியாத சாமான்.

முதல் கிழமை ஆசையோடுதான் செய்தாள். அந்தக் கிழமையிலேயே ஒருநாள், கிணற்றடியில் தண்ணீர் மிசின் இரைய, யன்னலால் எட்டிக் கத்தினாள்.

"உந்தச் சத்தத்திலை என்னெண்டு அப்பா கணக்குச் செய்யிறது?"

குகதாசன் உடனே மிசினை நிறுத்தினார். கோபத்தில் வாய் தவறி வந்த சொல்லை அவர் தேவாரம்போலப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் கைபேசியை எடுத்தால் மிசின் ஓடாது. தாய் தயாளினி நாயைக்கூட வேலிக்கு அப்பால் துரத்திவிடுவாள்.

ஆனால் வினோஜாவுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. வகையிடல், தொகையிடல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. சோதனை எழுதப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்து இரண்டு மாதமாகிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மணி அடித்த உடனே தாய் கதவடியில் வந்து நிற்பாள்.

"எத்தினை சரி?"

அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள், மணி அடிக்க முதல், 'மறுபடியும் தொடங்கு' என்ற பொத்தானை அமத்தக் கற்றுக்கொண்டாள். நேரம் ஓடுகிறவரை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு கேள்விக்கும் விடை போடாமல், ஓடுகிற இலக்கங்களைப் பார்த்தபடி படுத்திருப்பாள். படிக்காமல் கிடப்பது படிப்பதைவிடக் களைப்பான வேலை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வெளியே வெங்காயம் நின்றது. விடிய இறைக்க வேண்டிய பயிருக்கு, மணி பார்த்துப் பார்த்து, வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர் போனது. வெங்காயத் தாள்களின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. குகதாசன் அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் பேசியிருந்தால் அவளுக்கு இவ்வளவு நொந்திராது.

இன்று காலையும் அவள் யன்னலடியில் இருந்து கைபேசியை எடுத்தாள். மிசினில் கயிற்றைச் சுற்றி, இழுக்கக் கை ஓங்கிய தகப்பன் அவளைக் கண்டதும் கயிற்றைக் கழற்றினார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தி, மண்வெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு வெங்காயத்தைப் பார்த்தார். கைபேசியில் முதற் கேள்வி வந்தது. கூம்பு வடிவத் தொட்டி ஒன்றுக்குள் தண்ணீர் விழுகிறதாம், மட்டம் என்ன வீதத்தில் உயரும் என்று கேட்டது. இல்லாத தொட்டிக்குத் தண்ணீர் தாராளமாய் விழ, இருக்கிற வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாய் இருந்தது. கைபேசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.

"மணி அடிச்சிட்டுதோ பிள்ளை?"

"இல்லை அப்பா. ஓடுது."

"அப்ப ஏன் எழும்பி வந்தனீ?"

"நான் இந்தமுறை சோதினை எழுதேல்லை. இரண்டு மாசமாய் ஒரு கணக்கும் செய்யேல்லை அப்பா. சும்மா உந்த நேரத்தை ஓட விட்டிட்டுக் கிடந்தனான்."

 குகதாசன் கருகிய தாளொன்றைக் கிள்ளி விரலிடையில் உருட்டினார்.

"உதை முந்தியே சொல்லியிருந்தா, நான் விடியவே இறைச்சிருப்பன்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் எழுந்து கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுத்தார். மிசின் இரைந்தது. அவள் மண்வெட்டியை எடுத்து முதற் பாத்தியின் வாயை வெட்டிவிட்டாள். அழுகை வந்தது, அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

நாலாம் பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது தயாளினி அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். அறைக்குள் மணி அடித்திருக்க வேண்டும். கையைச் சேலையில் துடைத்தபடி, மிசினுக்கு மேலால் கத்தினாள்.

"எத்தினை சரி?"

வினோஜா தகப்பனைப் பார்த்தாள். மிசின் இரைச்சலை அவள் அவ்வளவு விரும்பியது அதுவரை இல்லை. தனக்குக் கேட்கவில்லை என்று ஒரு கையசைப்போடு இன்றைக்கும் கழித்துவிடலாம்.

குகதாசன் போய் மிசினை நிறுத்தினார்.

"சொல்லு பிள்ளை," என்றார். "கொம்மாவுக்கும் கேக்கட்டும்."