உப்புக் காற்றில் ஒரு மாடிப்படி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மந்தைவெளியில் தகரக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை போட்டு, மூன்று கல்யாண மண்டபங்களுக்குக் கைப்பிடியும் எத்தனையோ வீடுகளுக்கு இரும்புக் கதவும் என் கையால் செய்தேன்.

பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டுக்கு இரும்பு மாடிப்படி கேட்டார்கள். "உப்புக் காத்து கீது சார். துரு புடிக்காம நாகம் பூசி கால்வனைஸ் பண்ணிட்டு, அப்பால பெயின்ட் அடிக்கலாம்" என்றேன்.

"யோவ், இஞ்சினீயர் நீயா, நானா?" என்றார் வீட்டைக் கட்டிய இஞ்சினீயர். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பட்டால்தான் இவர்களுக்குத் தெரியும் என்று வெறும் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் துருப்பிடித்த படி உடைந்து, அந்த வீட்டுச் சமையல்கார அம்மாவின் கால் முறிந்தது. பார்க்கப் போனேன்.

"அன்னிக்கே சொன்னேம்மா, எவன் கேட்டான்?"

"அப்ப தெரிஞ்சிகினேதான் செஞ்சியா, நைனா?"

இஞ்சினீயர் இன்றும் வெல்டிங் கோளாறு என்கிறார். பொய். துருப்பிடிக்கும் என்று முதலில் சொன்னவன் நான். தெரிந்தே செய்து கொடுத்தவனும் நான். இரண்டையும் என் பேரிலேயே எழுதுங்கள்.