வடகரைக்குத் திரும்பிய படகு

சபையாருக்கும், என்னைப்போல் தலைக்கனத்தோடு ஜெபம் பண்ணுகிற எல்லாருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1989 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். கான்சாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்மாயின் நட்ட நடுவில், என் சொந்தப் பாய்மரப் படகில் நானும் என் மனைவி கனகமணியும் உட்கார்ந்திருந்தோம். படகுக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. காற்று அடியோடு நின்றுவிட்டது. பாய், கொடியில் போட்ட ஈர வேட்டி மாதிரி தொங்கியது. கனகமணிக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். தாமரைக் கொடி காலைச் சுற்றுகிற கண்மாயில் அதை வைத்துக்கொண்டு இன்னொருவரை இழுத்து வர முடியாது. அவள் சாகப் போகிறாள், நான்தான் காரணம் என்று நினைத்தேன்.

ராஜபாளையத்துக்காரனுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். நான் நூல் மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர். அந்த டிசம்பருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மில் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போன இடத்தில், கடற்கரையில் பன்னிரண்டு அடிப் படகு ஒன்று விலைக்கு வந்தது. பார்த்தேன். விட மனசில்லை. பஞ்சு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அதை ஏற்றி வந்துவிட்டேன். மில் வாசலில் லாரி நின்றபோது வாட்ச்மேன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன பிட்டரே, ஆறே இல்லாத ஊருக்குக் கப்பல் வாங்கிட்டு வாரீக?" என்றார்.

கனகமணி படகைத் தடவிப் பார்த்தாள். "பேரு என்ன வைக்கப் போறீக?" என்று மட்டும் கேட்டாள். சமாதானம் என்று வைத்தோம். நீலப் பெயின்டில் நானே எழுதினேன்.

என் மேஸ்திரிக்குக் கான்சாபுரம் கண்மாயின் தென்கரையில் தென்னந்தோப்பு இருந்தது. படகை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ். மடியில் சாப்பாட்டுத் தூக்கு, கையில் சுருட்டிய படகுப் பாய். கண்டக்டர் பாயைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வாரமும் யோசிப்பார்.

படகு வைத்திருப்பவனுக்கு ஒரு நாள் ஓட்டம் என்றால் ஆறு நாள் ரிப்பேர். முதல் வருஷம் பாய்மரத்தின் அடியைக் கரையான் தின்றுவிட்டது. அடுத்த வருஷம் சுக்கானின் கீல் துருப்பிடித்து உடைந்தது. லேத்தில் நானே புதுசு கடைந்து போட்டேன். பாய் இரண்டு தடவை கிழிந்தது. கனகமணி காடாத் துணி வாங்கி, தையல் மெஷினில் ஓரத்தை இரட்டையாக மடித்து அடித்துக் கொடுத்தாள். கிழிந்த பாயை விடத் தைத்த பாய் நன்றாகக் காற்றுப் பிடித்தது. இதெல்லாம் தொல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அம்புட்டும் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வருஷம் மில் இரைச்சலில் நின்று என் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் கனகமணி பேசினால் எனக்கு ஏறாது. "என்ன? என்ன?" என்று கத்துவேன். நான் கோபப்படுகிறேன் என்று நினைத்து அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். தண்ணீர் நடுவில், மேற்கே மலை, சுற்றிலும் நாரை, ஒரு சத்தமும் இல்லை. அங்கே அவள் மெதுவாகப் பேசினாலும் எனக்குக் கேட்டது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துக்குப் பிறகு என் மனைவி நல்ல கேலிக்காரி என்று அந்தப் படகில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு காரியத்தையும் மறைக்கக் கூடாது. 1987இல் என் சுக்கான் ஒரு மீன் வலையைக் கிழித்துவிட்டது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் முனியாண்டி. வடகரையில் குடிசை போட்டு, மனைவியோடும் மச்சான்மாரோடும் வலை போடுகிறவர். அவர் நியாயத்தைக் கேட்டார். நான், "கண்மாய் என்ன ஒம்ம பாட்டன் சொத்தா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு முறிந்தது. வடகரைப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. படகுக்குச் சமாதானம் என்று பெயர் எழுதியவன் இரண்டு வருஷமாக ஒரு மனுஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபம் மட்டும் தவறாமல் பண்ணினேன்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எங்கள் கண்மாய் மழையை நம்பி இருக்கிறது. சித்திரைக்கெல்லாம் வற்றிவிடும். படகு தோப்பில் ஐந்தாறு மாசம் வெயிலிலும் நிழலிலுமாகக் காயும். 1989 ஐப்பசியில் போய்ப் பார்த்தபோது பலகைகள் சுருங்கி, இணைப்புகளில் எட்டணாக் காசு நுழைகிற அளவுக்கு விரிசல் இருந்தது. கடற்கரைக்காரர்கள் படகைத் தினமும் நனைக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கோ மில்லில் வேலையே இடைவெளியை ஒழிப்பது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் மெஷின் உதறும். கடையில் கழிவுப் பஞ்சு வாங்கி, கயிறாகத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அதில் முக்கி, விரிசல்களில் உளி வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். இனிமேல் ஒரு நூல் கூட நுழையாது என்கிற வரைக்கும் அடித்தேன்.

கார்த்திகையில் கண்மாய் பெருகியது. மார்கழி பிறந்ததும் படகை இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "பாத்தியா?" என்று கனகமணியிடம் மார் தட்டினேன். ஒரு வாரம் தண்ணீரிலேயே கட்டிப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு பாயை ஏற்றினேன்.

காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் ஊறும். ஊறினால் பெருக்கும். பெருக்க இடமில்லாமல் நான் அடைத்து வைத்திருந்தேன். கண்மாய் நடுவில் போனபோது படார் என்று ஒரு சத்தம். என் மந்தக் காதுக்கே கேட்டது. இடது பக்கம், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே துருத்தியது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

கனகமணி சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்துவிட்டு அதனால் மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் துண்டைச் சுருட்டி விரிசலில் திணித்தேன். பிதுங்கி வந்துவிட்டது. துடுப்பு போட்டேன். நிறைந்த படகு அசையுமா? தென்கரைத் தென்னைகள் எட்டவே நின்றன. கரையில் ஆள் இல்லை.

அப்போதுதான் மனசார ஜெபம் பண்ணினேன். அதற்கு முன்னால் பண்ணியதெல்லாம் ஒப்பித்தது. "ஆண்டவரே, தப்பு என்னுடையது. அவளைக் காப்பாற்றும். காற்றைக் கொடுத்து எங்களை அந்தத் தென்கரையில் சேர்த்துவிடும்" என்று கதறினேன். கரை இன்னது என்று அவருக்கு விலாசம் சொல்லிக் கொடுத்தேன் பாருங்கள்.

சொல்லி முடித்துச் செத்த நேரத்தில் மலையிலிருந்து காற்று இறங்கியது. ஸ்தோத்திரம் என்று சொல்லிப் பாயை இழுத்துக் கட்டி, தெற்கே திருப்பினேன். தெற்கே போனால் மேற்குக் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். படகு இடது பக்கம் சாயும். பிளந்த பலகை இடது பக்கம். அது முழுசாகத் தண்ணீருக்குள் போனது. இரண்டு மடங்கு வேகத்தில் தண்ணீர் ஏறியது. என் ஜெபத்துக்குக் கர்த்தர் எனக்கு விரோதமான காற்றைக் கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரோடு சண்டை போட்டேன்.

கனகமணி மொள்வதை நிறுத்திவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். நான் கவனிக்கவில்லை. என் தோளைத் தொட்டாள். மறுபடியும் அதே குரலில் சொன்னாள்.

"அந்தக் கரைக்குத் திருப்புங்க."

"ஏட்டி, அது முனியாண்டி கரை."

"அது கரை இல்லையா? திருப்புங்க. வடக்க போனா இந்தப் பக்கம் மேல தூக்கும்லா?"

பத்தொன்பது வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு அது தோன்றவில்லை. வடக்கே திருப்பினேன். காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தது. இரண்டு பேரும் வலது விளிம்பில் ஏறி உட்கார்ந்தோம். படகு வலது பக்கம் சாய்ந்தது. பிளந்த பலகை சொட்டச் சொட்டத் தண்ணீருக்கு மேலே எழுந்து வந்தது. அதற்குப் பிறகு புதிதாகத் தண்ணீர் வரவில்லை. கனகமணி இரட்டைத் தையல் போட்ட பாய் கிழியாமல் நின்றது. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வடகரையில் முனியாண்டி எங்களைப் பார்த்துவிட்டார். அவரும் மச்சான்மாரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து, கயிற்றை வாங்கி இழுத்தார்கள். யாரும் பழசைப் பேசவில்லை. அவர் மனைவி கனகமணிக்குத் தன் சேலை ஒன்றைக் கொடுத்து, கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். எனக்குக் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு முனியாண்டியிடம் போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு" என்றேன்.

"அதை விடுங்க. அக்கா பயந்து போயிருக்காக, மொதல்ல அவுகளைப் பாருங்க" என்றார் முனியாண்டி. பொறவு குனிந்து பிளந்த பலகையை விரலால் தடவினார். "என்ன பிட்டரே, மெத்தைக்குப் பஞ்சு அடைச்ச மாதிரி அடைச்சு வச்சிருக்கீக? மரம் ஊறுனா எங்கிட்டுப் போகும்? கொஞ்சம் எடம் விடணும்லா. ரெண்டு நாளு ஒழுகத்தான் செய்யும். தன்னால மூடிக்கிடும்."

அன்று கடைசி பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அந்த வார்த்தை என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் படகை மட்டுமா அப்படி அடைத்து வைத்திருந்தேன்? மனைவி பேச இடம் விடவில்லை. முனியாண்டி கோபப்பட இடம் விடவில்லை. ஆண்டவர் தம் இஷ்டப்படி பதில் தரவும் இடம் விடாமல், தென்கரை, தென்னந்தோப்பு என்று இறுக்கி அடைத்த ஜெபம் பண்ணினேன். அவர் என் ஜெபத்தைக் கேட்டார். காற்றைக் கொடுத்தார். கரையை மட்டும் அவரே குறித்தார். நான் கேட்ட கரைக்கு அந்தக் காற்றில் போயிருந்தால் இன்று இந்தச் சாட்சியைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

அந்தப் பலகையை மாற்ற இரண்டு மாசம் ஆனது. முனியாண்டிதான் உடன் இருந்து செய்தார். நான் சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் "போதும், போதும்" என்று கையைப் பிடிப்பார். அந்த வருஷம் முதல் பஞ்சை இளக்கமாகத்தான் வைக்கிறேன். கண்மாய் நிறைந்து படகை இறக்கினால் இரண்டு நாள் தண்ணீர் உள்ளே வரும். பழைய ஆளாக இருந்தால் துடித்துப் போவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் தானாக நின்றுவிடும்.

பத்து வருஷம் ஆகப் போகிறது. சமாதானம் இன்னும் ஓடுகிறது. என் காது இன்னும் மோசமாகிவிட்டது. கனகமணி பேசும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் ஓட்டம் வடகரைக்குத்தான். கனகமணி முனியாண்டி வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டு போவாள். அவர்கள் எங்களுக்குக் கெண்டை மீன் கொடுத்துவிடுவார்கள்.

பிரியமானவர்களே, உங்களில் யாருக்காவது படகு நிறைந்துகொண்டிருந்தால் தயங்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறவர், எனக்கு மந்தமான காது, அவருக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். எந்தக் கரை என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பேசாமல் விட்ட மனுஷன் ஒருவர் அந்தக் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்கக்கூடும். கயிற்றை அவர் கையில் எறியுங்கள்.