கல் கட்டாத புடலங்காய்

எங்கள் பழைய டீசல் ஜீப் ஏற்றத்தில் திணறும். புகை மடக்குகளில் முட்டுவதுதான் காரணம், டர்போவிலிருந்து புகை போகும் பைப்பை ஸ்ரீரங்கம் வீட்டு வாசலிலேயே புதிதாகச் செய்துவிடலாம் என்றாள் என் மனைவி. பாலக்கரைப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவள். எனக்கு வாய் மட்டும்தான்.

“அளவெடுக்க ஒரு புடலங்காய் வாங்கிட்டு வாங்க.”

“கம்பி போதாதா?”

“கம்பிக்குப் பருமன் ஏதுங்க?”

பழக்கதோஷத்தில், வளையாமலிருக்க நுனியில் கல் கட்டி வளர்த்த நேரான காயை வாங்கிவந்தேன். வளைந்ததுதான் வேண்டுமென்று திருப்பி அனுப்பினாள். எரிச்சலோடு போனேன்.

வளைந்த காயை வண்டிக்கடியில் பொருத்திப் பார்த்து, புகை எங்கும் முட்டாதபடி அதே வளைவில் பைப்பை வெட்டிப் பற்றவைத்தாள். மறுநாள் மேம்பாலத்தில் ஜீப் திணறவில்லை, நான்தான் வாயடைத்துப்போனேன்.

இப்போதெல்லாம் நேரான புடலங்காயைப் பார்த்தால், எவனோ பாவி கல்லைக் கட்டிவிட்டானே என்றிருக்கிறது.